பாறைக்குள் ஒரு பத்தாயம் – பகுதி 4: கல் போன இடம்

வெடிமருந்து என்னும் அபாயகரமான விருந்தாளியை அரசுகள் எங்கெங்கே தங்கவைத்துப் பார்த்தன என்பதைச் சென்ற மூன்று வாரங்களாகத் தொடர்ந்து வருகிறோம். நம் காவேரிக் கரையிலேயே, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் சேர்த்து வைத்திருந்த மருந்து 1772ஆம் வருஷம் வெடித்து, மலைமேலிருந்த மண்டபத்தைச் சிதைத்த சம்பவத்தோடு கதை தொடங்கிற்று.

பிறகு கடல் கடந்தோம். 1917 ஜனவரி 19ஆம் தேதி லண்டனின் கிழக்குக் கோடியில் ஸில்வர்டவுன் தொழிற்சாலை வெடித்து 73 பேர் மாண்டதையும், அடுத்த ஆண்டு ஜூலை முதல் தேதி சில்வெல் என்னும் ஊரில் குண்டுகளுக்கு மருந்து அடைக்கும் தொழிற்சாலை வெடித்து 134 பேர் மாண்டதையும் கண்டோம். ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்தில் மருந்து இருக்கலாகாது என்ற பாடத்தை ஆங்கிலேயர் அப்போதுதான் கற்றார்கள்.

அப்படியானால் ஊரை விட்டுத் தள்ளி வைக்கலாமல்லவா? வைத்தார்கள். ஹாம்ப்ஷயரில் பிராம்லி என்னும் கிராமத்தருகே, ஒன்றுக்கொன்று தாராளமாக இடைவெளி விட்டு, தரைமேல் கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. தரையில் நடப்பவனுக்கு அது நல்ல ஏற்பாடு. வானத்தில் பறப்பவனுக்கோ அது படம் போட்டு வைத்த இலக்கு. விமானம் வளர வளர, பிராம்லியின் கூரைகளைப் பற்றிய கவலையும் வளர்ந்தது.

ஊருக்குள்ளும் வேண்டாம், வெட்டவெளியிலும் வேண்டாம் என்றால், மிச்சமிருப்பது எது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

* * *

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவனுக்குக் கல் என்பது வேற்றூர்ச் சரக்கு. காவேரியும் அதன் கிளைகளும் யுகயுகமாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டலின்மேல், எவ்வளவு ஆழம் தோண்டினாலும் மண்ணும் மணலும் தண்ணீருமே காணும் பூமியில், வீட்டுக்கு ஒரு அம்மி வேண்டுமென்றாலும் வண்டி கட்டி வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

அப்படிப்பட்ட நாட்டில்தான் ராஜராஜ சோழன், 1010ஆம் ஆண்டில், 200 அடிக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானத்தை நிறுத்தினான். அத்தனை கல்லும் எங்கிருந்து வந்தது, எப்படி ஏறிற்று என்று தலைமுறை தலைமுறையாக வியந்துகொண்டிருக்கிறோம். ஆனால் கல்லைக் கொடுத்த இடத்தில் பிற்பாடு என்ன மிஞ்சியது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வெட்டியெடுத்த கல்லெல்லாம் எங்கோ ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுத்தான் வருகிறது. கோயிலுக்குத் திருவிழா உண்டு, கும்பாபிஷேகம் உண்டு. பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும், ஆடு மேய்க்கும் பிள்ளைகள் நீந்துவார்கள், அவ்வளவுதான் அதன் சரித்திரம். இந்த வாரத்துக் கதை அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தைப் பற்றியது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பாத் என்று ஒரு நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் ரால்ஃப் ஆலன் என்ற கல்குவாரி முதலாளியும், ஜான் வுட் என்று ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனுமான இரண்டு சிற்பிகளும் சேர்ந்து அந்நகரத்துக்கு இன்றுள்ள ரூபத்தைக் கொடுத்தார்கள். பிறைவடிவாக வளைந்த மாளிகை வரிசையும் வட்ட வீதியும் நடனசாலைகளும் எல்லாமே தேன் நிறமுள்ள ஒரே ஜாதிக் கல்லால் ஆனவை.

அந்தக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. நம் கருங்கல்லைப்போல் உளிக்கு முரண்டு பிடிப்பதன்று. பூமிக்குள்ளிருந்து எடுத்த புதிதில் மரத்தை அறுப்பதுபோல் வாளால் அறுக்கலாம். காற்றுப் பட்டு உள்ளீரம் வற்றிய பிறகே அது இறுகும். ஆனால் நல்ல படுகை அடியாழத்தில் கிடந்தது. மேலேயோ உதவாத பாறையும் விளைநிலமும். ஆகவே தொழிலாளிகள் மேலிருந்து தோண்டாமல் பக்கவாட்டில் குடைந்து உள்ளே புகுந்தார்கள்.

படுகையின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, நீண்ட காம்புள்ள கொத்துக்கருவியால் முதலில் ஒரு பிளவைக் குடைவார்கள். அந்தப் பிளவுக்குள் வாளை நுழைத்து மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டே வருவார்கள். மலை தலைமேல் விழாதிருக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கல்லை வெட்டாமல் தூண்போல் விட்டுச் செல்வார்கள். உதவாத கல்லை வெளியே சுமப்பானேன் என்று, வேலை முடிந்த அறைகளுக்குள்ளேயே அடுக்கிவிடுவார்கள். இந்தக் கடைசி வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

* * *

நாட்டுப்புறத்துக் கல்வேலையாக இருந்ததைப் பெருந்தொழிலாக்கியது ரயில்.

லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு இருப்புப்பாதை போட்ட இஸம்பார்ட் புரூனெல், பாக்ஸ் என்ற ஊரருகே எதிர்ப்பட்ட குன்றைச் சுற்றிப் போகாமல் துளைத்துக்கொண்டே போனார். இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைந்த அந்தச் சுரங்கப் பாதை 1841 ஜூனில் திறக்கப்பட்டது. அதற்குள் சுமார் 100 தொழிலாளிகள் உயிரிழந்திருந்தார்கள். குன்றைத் துளைத்தபோது வெளிப்பட்ட கற்படுகையைக் கண்ட வியாபாரிகள், கார்ஷம் ஊரைச் சுற்றிப் புதுப்புதுக் குவாரிகளைக் குடைந்தார்கள்.

அவற்றுள் ஒன்றன் வாசல் ரயில் சுரங்கத்தின் கிழக்கு வாய்க்குப் பக்கத்திலேயே அமைந்தது. பெரிய வாயில் பிரிஸ்டல் ரயில் நுழையும். அருகிலிருந்த சின்ன வாயில் கல் ஏற்றும் வண்டிகள் நுழையும். அதனால் அந்தக் குவாரிக்கு ‘டனல் குவாரி’ என்றே பெயர் வழங்கிற்று.

ஐம்பது அறுபது வருஷங்கள் வியாபாரம் கொழித்தது. பிறகு செங்கல்லும் சிமெண்டும் வந்தன. தேன் நிறக் கல்லுக்கு மவுசு குறைந்தது. குவாரிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இருட்டும் குளிர்ச்சியும் வாய்த்த இடமென்று சிலவற்றில் காளான் பயிரிட்டார்கள். மற்றவை அங்கே அப்படி ஒரு வெற்றிடம் உண்டு என்பதைப் பக்கத்துக் கிராமத்தாரே மறந்துபோகும்படியாகக் கிடந்தன.

* * *

ராணுவ இலாகா மறக்கவில்லை. முதல் உலக யுத்தத்தின்போதே கார்ஷம் அருகில் ரிட்ஜ் குவாரி என்ற குகையில் அது வெடிமருந்தை வைத்திருந்தது. அப்போது அது இடநெருக்கடிக்குச் செய்த தற்காலிக ஏற்பாடு. 1930களின் நடுவில், ஹிட்லர் ஜெர்மனியின் விமானப் படையைப் பகிரங்கமாகப் பெருக்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பழைய ஞாபகம் ஒரு திட்டமாக உருவெடுத்தது.

குண்டு போடும் விமானத்தை எந்தக் காவலாலும் முழுக்கத் தடுக்க முடியாது என்ற எண்ணம் பிரிட்டிஷ் மந்திரிகள் மத்தியில் அக்காலத்தில் வேதவாக்காக இருந்தது. தடுக்க முடியாததிலிருந்து ஒளிந்துகொள்ளத்தானே வேண்டும்? சேனைக்கு வேண்டிய பீரங்கிக் குண்டுகளையும் தோட்டாக்களையும் எந்த விமானமும் எட்ட முடியாத ஓரிடத்தில் சேமித்து வைத்துவிட்டால், யுத்தம் எத்தனை வருஷம் நீண்டாலும் கவலையில்லை என்று கணக்கிட்டார்கள்.

இடம் தேடியவர்களுக்குக் கார்ஷம் மூன்று வரங்களைக் காட்டிற்று. முதலாவது, தலைக்குமேல் சுமார் 100 அடிக் கனத்துக்குப் பாறை. இரண்டாவது, வாசலிலேயே ரயில். மூன்றாவது, தூரம்: ஜெர்மனியிலிருந்து புறப்படும் விமானம் கடலையும் இங்கிலாந்தின் அகலத்தையும் தாண்டியல்லவா அந்த மேற்குக் கோடிக்கு வர வேண்டும்?

டனல் குவாரி, மங்க்டன் ஃபார்லி, ஈஸ்ட்லேஸ் என்ற மூன்று குவாரிகளை இலாகா வாங்கியது. 1936 வாக்கில் ராணுவ இஞ்சினீர்கள் லாந்தர்களோடு உள்ளே இறங்கினார்கள். குகை ஏற்கெனவே இருக்கிறது. கொஞ்சம் பெருக்கி, விளக்குப் போட்டு, சரக்கை அடுக்க வேண்டியதுதானே என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள்.

* * *

களஞ்சியம் என்றால் என்ன என்று நம் ஊர் மிராசுதாரிடம் கேட்டிருந்தால் அந்த நினைப்பு அப்போதே கலைந்திருக்கும்.

பத்தாயமோ குதிரோ வைக்கோற் பிரி சுற்றிக் கட்டிய சேரோ, எதில் நெல்லைக் கொட்டுவதானாலும், டெல்டாக்காரன் முதலில் ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பான். கொட்டிய பிறகும் நாளைக்கொரு தரம் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு கண்டிருக்கிறதா என்று பார்ப்பான். ஈரத்தோடு உள்ளே போன நெல் வெந்து கறுத்துப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். திருடனைப் பற்றி அவன் இரவில்தான் பயப்படுவான். ஈரத்தைப் பற்றி இரவும் பகலும் பயப்படுவான். விதைநெல்லை வைக்கோலால் இறுகக் கட்டி வைப்பதற்கு நம்மவர்கள் ‘கோட்டை’ என்று பெயரிட்டது வெறும் அலங்காரமா? அந்தக் கோட்டையை முற்றுகையிடும் பகைவன் ஈரந்தான்.

கார்ஷம் குகைகளிலும் அந்தப் பகைவனே காத்திருந்தான். வருஷம் முழுவதும் ஒரே குளிர், சுவரெல்லாம் வேர்வை, கூரையிலிருந்து சொட்டும் நீர். கார்டைட் என்னும் உந்துமருந்து ஈரத்திலும் கெடும், உஷ்ணத்திலும் கெடும். உலோக உறைகளில் துரு ஏறும். மரப்பெட்டிகளில் பூஞ்சை படரும். எதிரியின் குண்டிலிருந்து காப்பாற்றிவிட்டு, தன் வியர்வையாலேயே சரக்கை நாசமாக்கும் கிடங்கினால் யாருக்கு லாபம்?

ஆகையால் குகைக்கு மூச்சு கொடுக்க வேண்டியதாயிற்று. காற்றை வெளியிலிருந்து இழுத்து, பதப்படுத்தி, நூற்றுக்கணக்கான அறைகளுக்கும் செலுத்தும் யந்திரங்கள் வந்தன. யந்திரங்கள் ஓட மின்சாரம் வேண்டும். மேலே கம்பி அறுந்தாலும் கீழே விளக்கு அணையாதபடி பூமிக்குள்ளேயே டீசல் மின்நிலையம் ஒன்று எழுந்தது.

தூண்களோ இன்னொரு சங்கடம். கல்வெட்டிகள் மலையின் போக்கையும் தங்கள் சௌகரியத்தையும் பார்த்து விட்டுச் சென்ற தூண்கள் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும், வரிசையென்பதே இல்லாமலும் நின்றன. மேலே 100 அடிப் பாறையைத் தாங்கிக்கொண்டு, கீழே குண்டுகளை வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட கால்களை நம்பியிருக்க முடியுமா? காங்கிரீட்டால் சுவர் எழுப்பி, இரும்பு உத்தரங்கள் கொடுத்து, தூண்களை ஒழுங்குபடுத்தினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான பிரயாசை, அந்த உதவாக் கல். நூறு வருஷங்களாகத் தொழிலாளிகள் வெளியே சுமக்காமல் உள்ளேயே அடுக்கிவிட்டுப் போன கழிவெல்லாம் இப்போது பிள்ளைகளின் தலையில் விழுந்த பிதுரார்ஜிதக் கடன்போல் வழிமறித்துக்கொண்டு நின்றது. காலி இடமென்று நம்பி வாங்கிய இடத்தில் பெரும்பகுதி காலியாகவே இல்லை! லட்சக்கணக்கான டன் கழிவை அள்ளி வெளியேற்ற வருஷக்கணக்காயிற்று. முதல் மதிப்பீடு என்னவாக இருந்ததோ, அதைச் செலவு பன்மடங்கு தாண்டிற்று.

மங்க்டன் ஃபார்லி குவாரி குன்றின் உச்சியில் இருந்தது. ரயிலோ பள்ளத்தாக்கில் ஓடிற்று. இரண்டையும் இணைக்க முதலில் தொங்கு கம்பிப்பாதை போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் குன்றின் சரிவுக்குள்ளேயே ஒரு மைலுக்கு மேல் சாய்வான சுரங்கம் ஒன்றை வெட்டி, அதற்குள் ஓயாமல் ஓடும் கன்வேயர் பட்டையை அமைத்தார்கள். கீழே வண்டியிலிருந்து இறக்கிய பெட்டி வெயிலையே காணாமல் மேலே அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

டனல் குவாரியில் அந்தச் சுற்றும் வேண்டியிருக்கவில்லை. பெரிய வாய்க்குப் பக்கத்திலிருந்த சின்ன வாய் வழியாக ரயிலே உள்ளே சென்றது; பாறைக்குள் பிளாட்பாரம் கட்டி அதில் நிறுத்தினார்கள். பிரிஸ்டலுக்குப் போகும் பிரயாணிகள் நாள்தோறும் அந்த வாசலைக் கடந்தார்கள். ஜன்னலோரம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த யாருக்கும், பக்கத்து இருட்டுக்குள் ஒரு ரயில் நிலையம் இருப்பது தெரியாது.

மூன்று குவாரிகளும் சேர்ந்து முடிவில் சுமார் 125 ஏக்கர் விஸ்தீரணத்துக்குப் பரந்தன. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 19 வேலி. நடுத்தரமான ஒரு கிராமத்தின் நஞ்சை முழுவதையும் பூமிக்கு அடியில் இறக்கிவைத்து, அதில் நெல்லுக்குப் பதில் குண்டை அடுக்கியதாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

* * *

கிடங்கு பாதி முடிந்து பாதி முடியாமல் இருந்த நிலையில் 1940ஆம் வருஷத்துக் கோடை வந்தது.

மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் சேனை டன்கர்க் கடற்கரையிலிருந்து உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிற்று. பிரான்ஸ் மண்ணில் அது விட்டுவிட்டு வந்த குண்டுகளும் தோட்டாக்களும் மட்டும் சுமார் 76,000 டன். நாட்டின் களஞ்சியத்தைப் பாறைக்குள் பத்திரப்படுத்த நான்கு வருஷமாக அல்லும் பகலும் உழைத்துக்கொண்டிருந்தபோது, அதில் வைக்க வேண்டிய சரக்கு வேற்று நாட்டு மணலில் எதிரியின் வசமாகிவிட்டது.

அதைவிடப் பெரிய அடி இரண்டு வாரம் கழித்து விழுந்தது. ஜூன் 22ஆம் தேதி பிரான்ஸ் பணிந்தது. பிரான்சின் வடகரையிலுள்ள விமான நிலையங்கள் ஜெர்மனியின் கைக்குப் போயின.

இங்கே சற்று நின்று படத்தைப் பார்க்க வேண்டும். கார்ஷமைத் தேர்ந்தெடுத்தவர்கள் கோலை ஜெர்மனியில் ஊன்றித் தூரம் அளந்தார்கள். அந்தக் கோல் இப்போது பிரான்சின் வடகரையிலுள்ள ஷெர்பூர் துறைமுகத்துக்கு நகர்ந்துவிட்டது. அங்கிருந்து பாத் நகரம் சுமார் 125 மைல். தஞ்சாவூருக்கும் கோயம்புத்தூருக்கும் உள்ள தூரங்கூட இல்லை. மூன்று வரங்களில் மூன்றாவது ஒரே மாதத்தில் காலாவதியாயிற்று.

ஒரு பண்டத்தைப் பாதுகாக்கத் திட்டமிடுகிறவர்கள், பகைவன் அன்றைக்கு இருந்த இடத்திலேயே என்றைக்கும் இருப்பான் என்று எண்ணிக்கொள்வது மனித சுபாவம். நதி போன வழியிலேயே போகும் என்று நம்பிப் படுகையில் வீடு கட்டுகிறவனைக் கொள்ளிடக் கரையில் நாம் பார்த்ததில்லையா? இத்தனை பணத்தையும் உழைப்பையும் இறைத்த பிறகு பாறையைப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. எஞ்சிய இரண்டு வரங்களை, அதிலும் தலைக்குமேலிருந்த 100 அடிப் பாறையை, நம்பி வேலையைத் தொடர்ந்தார்கள்.

அந்த வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி பிரிஸ்டலை அடுத்த ஃபில்டன் விமானத் தொழிற்சாலையின்மீது குண்டு விழுந்தது. அதன் பிறகு பாறைக்குள் புகும் ஆசை ஒரு தொற்றுநோய்போல் பரவிற்று. விமான உற்பத்தி மந்திரி பீவர்புரூக் பிரபு, கார்ஷமிலேயே ஸ்பிரிங் குவாரியை எடுத்து விமான எஞ்சின் தொழிற்சாலையாக மாற்ற உத்தரவிட்டார். பூமிக்கடியில் வேலை செய்பவர்களின் மனம் சோர்ந்துவிடாதிருக்க, சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்களில் ஓல்கா லேமன் என்ற ஓவியர் வர்ணச் சித்திரங்கள் தீட்டினார். அந்தத் தொழிற்சாலை தயாரானபோது அதன் அவசியமே ஏறக்குறைய நீங்கியிருந்தது.

* * *

1942 ஏப்ரல்.

நம் தேசத்தில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் எளிதில் மறக்கக்கூடியதன்று. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. தஞ்சாவூர் நெல்லின்மேல் ராஜதானி முழுவதன் கண்ணும் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று பீதி பரவி, பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு எழும்பூரில் ரயிலேறினார்கள். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் திருவாரூரிலும் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடுகள் திறக்கப்பட்டன. இரண்டு அடுப்பு எரிந்த வீட்டில் ஐந்து அடுப்பு எரிந்தது. கல்லே இல்லாத டெல்டா, அந்தச் சில மாதங்களுக்கு, கல் நகரத்துக்காரர்களுக்கு அடைக்கலம் தந்தது.

அதே ஏப்ரலில் பாத் நகரத்தின் முறை வந்தது.

மார்ச் மாதக் கடைசியில் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் பழம்பெரும் நகரமான லூபெக்கை எரித்திருந்தன. அதற்குப் பழிவாங்க, ராணுவ முக்கியத்துவத்தைப் பார்க்காமல், அழகும் பழமையும் வாய்ந்த ஆங்கில நகரங்களை ஹிட்லர் அடிக்கச் சொன்னான். ஏப்ரல் 25ஆம் தேதி இரவிலும் மறுநாள் இரவிலுமாக ஜெர்மானிய விமானங்கள் மூன்று தடவை பாத் மேல் வந்தன. 400க்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். ஜான் வுட்டின் மகன் கட்டிய நடனசாலை தீப்பற்றிக் கூரை இழந்து நின்றது. பிறைவடிவ வீதியிலும் வீடுகள் உள்ளோடு எரிந்தன. இருநூறு வருஷங்களாக ஊரெல்லாம் வந்து பார்த்த தேன் நிறக் கல், அந்த இரண்டு இரவுகளில் கரியாகக் கறுத்தது.

அங்கிருந்து ஒரு சில மைல் தூரத்தில், அதே ஜாதிக் கல்லை வெட்டியெடுத்த குகைகளில், ஆயிரமாயிரம் டன் குண்டுகள் அடுக்கு குலையாமல் கிடந்தன. கன்வேயர் பட்டை ஓடிற்று. யந்திரம் காற்றைச் செலுத்திற்று. ஒரு பெட்டியும் அசையவில்லை. யுத்தம் முடியும் வரை அந்தக் கிடங்கின்மேல் எதிரி குறி வைக்கவே இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, யுத்தம் என்பது எதைத் தலைகீழாக்குகிறது என்பது விளங்குகிறது. சமாதான காலத்தில் மனிதன் கல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வீடாக்கி அதில் வாழ்ந்தான். கல் போன பள்ளத்தை மறந்தான். யுத்த காலத்தில் கல்லாய் எழுந்த வீடு மனிதனைக் காப்பாற்றவில்லை; பள்ளம் குண்டைக் காப்பாற்றிற்று. பார்க்கத் தக்கதாக இருந்தது என்ற ஒரே குற்றத்துக்காக நகரம் அடி வாங்கியது. யாரும் பார்த்தறியாதது என்பதாலேயே கிடங்கு தப்பிற்று.

ஆங்கிலேயரும் இதை உணராமலில்லை. அந்த ஆண்டிலேயே, பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் ஊரருகே வெஸ்ட்வுட் என்ற இன்னொரு குவாரியைச் செப்பனிட்டு, பிரிட்டிஷ் மியூசியத்தின் அரிய பொக்கிஷங்களை அங்கே இறக்கிவைத்தார்கள். கொல்லுகிற பொருளும் போற்றுகிற பொருளும் ஒரே ஜில்லாவில், ஒரே விதமான பாறைக்குள், ஒரே விதமாக உலர்த்திய காற்றைச் சுவாசித்துக்கொண்டு யுத்தம் முடியக் காத்திருந்தன.

* * *

கார்ஷம் வெற்றிபெற்றது என்று சொல்லி இந்த வாரத்தை முடித்துவிடலாம். ஆனால் கார்ஷமைப் பார்த்துவிட்டு, எல்லாப் பள்ளமும் பத்தாயமாகும் என்று நம்பியவர்களின் கதை பாக்கியிருக்கிறது.

ராணுவ இலாகாவுக்குக் கார்ஷம் எப்படியோ, அப்படியே விமானப் படைக்கும் தனிக் குகைகள் தேவைப்பட்டன. வேல்ஸ் நாட்டில் லான்பெரிஸ் என்னுமிடத்தில் பலகைக்கல் வெட்டிய திறந்த பள்ளம் ஒன்று கிடைத்தது. அதற்கு இயற்கையான கூரை கிடையாது. ஆகவே பள்ளத்தின் அடியில் காங்கிரீட்டால் இரண்டு அடுக்குக் கிடங்கு கட்டி, அதன்மேல் கழிவுக் கல்லைக் கொட்டி மூடிச் செயற்கையாக ஒரு மலையை உண்டாக்கினார்கள். கார்ஷமில் வழிமறித்த கழிவு இங்கே காவலாயிற்று என்று மெச்சிக்கொண்டார்கள். 1942 ஜனவரி 25ஆம் தேதி அந்தப் பாரம் தாங்காமல் கூரை பெரும்பகுதி இடிந்து விழுந்தது. ஆயிரக்கணக்கான டன் குண்டுகளும், உள்ளே நின்ற ஒரு ரயிலும் புதைந்தன. தெய்வாதீனமாக ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

கூரையில் பிழை இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். ஸ்டாஃபர்ட்ஷயரில் ஃபால்ட் என்னும் கிராமத்தருகே, ஜிப்ஸம் வெட்டிய பழைய சுரங்கத்தில், விமானப் படை அமைத்திருந்த கிடங்குக்குக் கூரைக் குறையில்லை. சுமார் 90 அடி ஆழம். மேலே புல்வெளி, அதில் ஒரு பண்ணைவீடு, மாடுகள். சுரங்கத்தின் மற்றொரு பக்கத்தில், இடையே ஒரு பாறைத் தடுப்பு மட்டும் இருக்க, ஜிப்ஸம் வெட்டும் வேலை வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது.

நம் குகைகளின் கதை கல்வெட்டியின் கைக்கருவியில் தொடங்கியது. 1944 நவம்பர் 27, திங்கட்கிழமை. காலை 11 மணி 11 நிமிஷம் ஆவதற்குச் சற்று முன், அந்தப் புல்வெளிக்கு அடியில், உயிருள்ள ஒரு குண்டின்மேல் குனிந்திருந்த மனிதன் கையிலும் ஓர் உளி இருந்ததா? இருந்தால், அது எந்த உலோகத்தால் ஆனது?

(தொடரும்)